வினாடிக்கு 40 காசு

2001 மே மாதம், ஒரு வேலைநாள், காலை பத்தே முக்கால் மணி. அச்சன்புதூர் பஜாரில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பம்பாய்க்கு இரண்டு தடவை பேசினேன். முதல் தடவை 22 வினாடி, 8 ரூபாய் 80 காசு. இரண்டாம் தடவை 130 வினாடி, 52 ரூபாய். பூத் அண்ணாச்சி சர்வீஸ் சார்ஜ் என்று 2 ரூபாய் சேர்த்துக்கொண்டார். மொத்தம் 62 ரூபாய் 80 காசு. சின்ன மிஷினிலிருந்து கிழித்துக் கொடுத்த அந்த இரண்டு சீட்டுகளும் அம்மாவின் கணக்கு நோட்டில் இன்னும் ஒட்டியிருக்கின்றன. மை வெளிறிவிட்டது. பக்கத்தில் அம்மா பேனாவால் எழுதிய தொகை மட்டும் தெளிவாக இருக்கிறது: "ரிசல்ட் சொன்னது 62.80".

ஒரே சேதியைச் சொல்ல ஏன் இரண்டு தடவை? அப்பா தாராவியில் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்த் தங்கிய இடம் அது. ஒரு இட்லிக் கடையில் மாவாட்டப் போனவர், பிற்பாடு அதே கடையில் சின்னப் பங்காளி ஆனார். அவருக்கென்று போன் கிடையாது. அடுத்த சந்தில் அரிசிக்கடை வைத்திருந்த நம்ம ஊர்ப்பக்கத்துக்காரரின் நம்பர்தான் அப்பாவின் நம்பர். கல்யாணப் பத்திரிகைகளில் நம்பருக்கு முன்னால் 'பி.பி.' என்று அச்சடித்திருப்பார்களே, அந்த வகை. முதல் 22 வினாடி, "அச்சன்புதூர்லருந்து பேசுதோம், கொஞ்சம் கூப்பிடுங்க" என்று சொல்ல. அப்புறம் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அதற்குக் காசில்லை. பிறகுதான் நிஜப் பேச்சு.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு அன்றைய பகல் கட்டணம் நிமிடத்துக்கு 24 ரூபாய். வினாடிக்கு 40 காசு. அந்த 130 வினாடி எப்படிச் செலவானது என்று என்னால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியும். பூத்துக்குள் போனுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பேசுகிறவனுக்கு அதை விட்டுக் கண் அகலாது. "கேக்குதா?", "கேக்குது, உனக்குக் கேக்குதா?" என்று இரண்டு பக்கமும் உறுதி செய்துகொள்ள 15 வினாடி போனது, 6 ரூபாய்.

"எவ்வளவுடே?"

"ஆயிரத்து நாப்பத்திரெண்டுப்பா."

ஐந்து வினாடி, 2 ரூபாய். அதன் பிறகு அப்பா எதுவுமே பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று எண்களைப் பார்த்தால் அவை ஏறிக்கொண்டிருந்தன. சரியாக 4 ரூபாய் ஏறிய பிறகு, "சரிடே. ரூவா ஏறுது, அம்மாட்ட குடு" என்றார். மிச்சம் 100 வினாடி அம்மா பேசினாள், 40 ரூபாய். "சாப்ட்டியளா" என்பதில் தொடங்கிய பேச்சு, மாடு கன்று ஈன்றது, வரி கட்டியது, ஆச்சிக்குக் கால் வீக்கம் என்று போய், "வச்சிருதேன், ரூவா ஏறுது" என்பதில் முடிந்தது. என் மதிப்பெண்ணுக்கு அப்பா தந்த பரிசு பத்து வினாடி மௌனம். விலை 4 ரூபாய். பூத்தில் பணம் கொடுத்தது நாங்கள் என்பது வேறு விஷயம்.

நான் பாவூர்சத்திரத்தில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். கமிஷன், கூலி, சாக்கு, எடைக்கழிவு என்று நாள் முழுக்க எண்களோடு கிடப்பதால், வீட்டு நோட்டையும் அதே கண்ணோடுதான் படிக்கிறேன். அப்படிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. எங்கள் வீட்டை எந்தப் புதுக் கருவியும் வந்த அன்றைக்கே மாற்றிவிடவில்லை. கருவி வந்து வருடக்கணக்கில் சும்மா கிடந்திருக்கிறது. கட்டணப் பட்டியலில் ஒரு வரி மாறிய நாளில்தான் அது எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது.

ஆபரேட்டர் இல்லாமல் நேராகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி., இந்தியாவில் 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. 1984-இல் சி-டாட் என்ற அரசு ஆய்வு மையம் உருவாகி, சின்ன ஊர்களின் புழுதியையும் வெக்கையையும் தாங்குகிற தானியங்கி எக்ஸ்சேஞ்சுகளைச் செய்தது. 128 இணைப்பு கொண்ட அதன் முதல் கிராம எக்ஸ்சேஞ்ச் 1986-இல் கர்நாடகத்துக் கிட்டூரில் வேலை செய்யத் தொடங்கியது. 1991-இல்கூட நாடு முழுவதற்கும் இருந்தது சுமார் 50 லட்சம் இணைப்புகள்தான். அதனால்தான் மஞ்சள் போர்டு வைத்த பூத்துகள் அப்படிப் பெருகின. ஒரு போனை ஊரே வைத்துக்கொண்டது. எங்கள் ஊர் பூத்தில் ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு குட்டி மின்விசிறி, நாற்காலி ஒன்று. கதவைச் சாத்தினால் விசிறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. விசிறியை நிறுத்தினால் வேர்த்துக்கொட்டும். சாரல் காலத்தில் விசிறி வேண்டாம், ஆனால் லைன் இருக்காது. ஆனி, ஆடியில் குற்றாலத்து மலையிலிருந்து இறங்குகிற தூறல் எங்கள் ஊர்க் கம்பிகளையெல்லாம் நனைத்துவிடும். ஒரு வாரம் 'கர்ர்' என்று மட்டும் கேட்கும். அந்த வாரங்களில் நோட்டில் போன் செலவு பூஜ்யம்.

இரவு ஆக ஆகக் கட்டணம் இறங்கும், பதினொரு மணிக்கு மேல் கால் பங்குதான் என்றிருந்த காலமும் உண்டு. அதற்காகவே தூக்கக் கலக்கத்தோடு பூத் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறோம். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு வளைகுடா, மீதிப் பேருக்கு பம்பாய். வளைகுடாவுக்குப் பேசுகிறவர்கள் உள்ளே போனால் நாங்கள் சிவப்பு எண்களை எட்டிப் பார்ப்போம். அது ஏறுகிற வேகத்தைப் பார்த்து எங்களுக்கு வயிறு கலங்கும், பேசுகிறவர் கலங்காமல் பேசிக்கொண்டிருப்பார்.

பூத்துக்கு இன்னொரு வரும்படியும் இருந்தது. அதற்குப் பெயர் 'இன்கமிங்'. அப்பா பம்பாயிலிருந்து பூத் நம்பருக்குப் போட்டு, இன்னார் வீட்டைக் கூப்பிடுங்கள் என்பார். அண்ணாச்சி சைக்கிளில் பையனை அனுப்புவார். நாங்கள் ஓடிப்போய் நின்றால் பத்து நிமிடம் கழித்து மறுபடி மணி அடிக்கும். பேசி முடித்து வெளியே வந்தால் 2 ரூபாய் கொடுக்க வேண்டும். கூப்பிட்டவரும் காசு கொடுத்தார், கூப்பிடப்பட்டவரும் கொடுத்தார். அம்மா இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. "வந்த போனுக்கு என்னத்துக்கு ரூவா?" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுப்பாள். நோட்டில் 1997 முதல் 2003 வரை 'இன்கமிங் 2' என்று எழுதிய வரிகளை எண்ணினேன். 214. ஆக 428 ரூபாய், வந்த போனுக்கு.

அம்மாவின் கேள்வி பூத்தோடு நிற்கவில்லை. இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-இல் நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். அன்றைய உச்சக் கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் 80 காசு என்பது பலருக்கும் தெரிந்த எண். வருகிற அழைப்புக்கும் 8 ரூபாய் 40 காசு என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. என் கணக்கில் முக்கியமானது இந்த இரண்டாவது எண்தான். அப்பா வாரம் ஒரு நாள், தடவைக்கு ஐந்து நிமிடம் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இருபது நிமிடம். எங்கள் வீட்டில் அப்போது ஒரு செல்போன் இருந்திருந்தால், அப்பா பேசுவதைக் கேட்பதற்கே நாங்கள் 168 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். காதுக்கு வாடகை!

அப்பா மாதம் 1,500 ரூபாய் மணியார்டர் அனுப்புவார். 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன், அதாவது 5 சதவீதம், 75 ரூபாய். எஸ்.டி.டி. கணக்கில் அது மூன்று நிமிடப் பேச்சுக்குச் சற்று மேல். ஆனால் அந்த 75 ரூபாய்க்குள் ஒரு இலவசம் ஒளிந்திருந்தது. மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்து நம் கையில் தருவார் தபால்காரர். அப்பா அதில் நாலு வரி எழுதுவார், அதில் மூன்று வரி மழையைப் பற்றியதாக இருக்கும். "குளம் பெருகிட்டா, கார் நடவுக்குத் தண்ணி காணுமா." தாராவியின் ஓடைக்கரையில் நின்றுகொண்டு அவர் கேட்டதெல்லாம் அனுமன் நதித் தண்ணீரைத்தான். அந்தத் துண்டுகள் 71 இருக்கின்றன. தபால்காரர் படித்துவிட்டுத்தான் தருவார் என்பதால் வேறு எதுவும் அதில் எழுத முடியாது என்று அம்மா பின்னாளில் சொன்னாள்.

2002 ஜனவரியில் 24 ரூபாய் நிமிடம் ஒரேயடியாக 9 ரூபாய் 60 காசாக இறங்கியது. தொலைதூரப் பேச்சில் தனியார் போட்டி நுழைந்ததும், பி.எஸ்.என்.எல். தன் விலையைக் குறைத்தது. வினாடிக்கு 16 காசு. அதே வருடம் டிசம்பர் கடைசியில் ரிலையன்ஸ் வந்து, தன் போன்களுக்குள் தூரத்துப் பேச்சு நிமிடம் 40 காசு என்றது. போஸ்ட்கார்டை விட மலிவாகப் பேச வேண்டும் என்பது திருபாய் அம்பானியின் ஆசை என்று விளம்பரம் செய்தார்கள். போஸ்ட்கார்டு 50 காசு, பேச்சு 40 காசு. எண்ணளவில் அது சரியாகவே இருந்தது. ஆனால் இரண்டு முனையிலும் அவர்களுடைய போன் வேண்டும், மாதாமாதம் பில் வரும். பில் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பா போனை வைத்துவிடுவார்.

எங்கள் நாள் 2003 மே 1. அன்றிலிருந்து செல்போனுக்கு வருகிற அழைப்புகளுக்குக் கட்டணம் கிடையாது, கூப்பிடுகிறவர்தான் கொடுக்க வேண்டும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. அம்மாவின் ஆறு வருடக் கேள்விக்கு அரசாங்கம் பதில் சொன்ன மாதிரி இருந்தது. அப்பா அந்த வாரமே பூத்துக்குப் போட்டு, "ஒரு செல்லு வாங்கிரு" என்றார். அவர் அதுவரை வீட்டுக்கு வாங்கச் சொன்ன மிகப் பெரிய சாமான் மிக்சி. ஆகஸ்டில் தென்காசியில் செகண்ட் ஹேண்ட் நோக்கியா ஒன்று வாங்கினேன். 1,900 ரூபாய். கனம் ஒரு குழவிக்குக் கொஞ்சம் குறைவு.

வாங்கி வந்து பார்த்தால் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கிழக்கு ஜன்னலில், மேல் கம்பியை ஒட்டி மட்டும் ஒரு கோடு வந்தது. அம்மா பூ கட்டுகிற நாரில் ஒரு சுருக்குப் போட்டு அங்கே தொங்கவிட்டாள். மூன்று வருடம் எங்கள் செல்போன் அசையவே இல்லை. மணி அடித்தால் ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னல் கம்பியோடு கன்னத்தை ஒட்டி வைத்துப் பேச வேண்டும். அம்மாவின் இடது கன்னத்தில் துருக்கறை படிந்த நாட்கள் உண்டு. ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, தையல் மிஷின், மாவுப்படி எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். பொட்டு சார்ஜர் ஓட்டையில் விழுந்து அடைத்துக்கொண்டது. எடுப்பதற்குத் தென்காசியில் 50 ரூபாய்.

மிஸ்டு கால் என்ற ஒன்றை எந்த இன்ஜினியரும் வரைந்து வைக்கவில்லை. எடுத்துப் பேசினால்தான் காசு, மணி அடித்தால் காசில்லை என்ற ஓட்டையிலிருந்து ஜனங்களாகக் கண்டுபிடித்தது அது. அதற்குள் அப்பாவும் பம்பாயில் ஒரு செல் வாங்கிவிட்டார். எங்கள் வீட்டுச் சட்டம் இப்படி: ஒரு மணி அடித்து நின்றால் 'நல்லா இருக்கோம்'. இரண்டு மணி என்றால் 'நீங்க கூப்பிடுங்க'. அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் 'ரூவா வந்துட்டு'. 2004-இல் ஒரு மாதம் முழுக்கக் குறித்து வைத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து 61 மிஸ்டு கால், பேசியது 9 தடவை. 61 சேதிக்கு விலை பூஜ்யம். ஒரே ஒரு தடவை ஆச்சி போனை எடுத்து, அடிக்கிற மணியைத் தாங்க முடியாமல் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டாள். 'நல்லா இருக்கோம்' என்று சொல்ல வந்த அப்பாவுக்கு அன்று ஒரு நிமிடக் காசு நஷ்டம். இதை அவர் அடுத்த கோவில் கொடைக்கு ஊருக்கு வந்தபோதும் சொல்லிக் காட்டினார்.

நோட்டை வைத்துக்கொண்டு, கட்டணங்களை வினாடிக் கணக்குக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன்.

2001, எஸ்.டி.டி. பகல்: 40 காசு
1995, செல்லில் பேச: 28 காசு
2002 ஜனவரி, எஸ்.டி.டி.: 16 காசு
1995, செல்லில் கேட்க: 14 காசு
2006 மார்ச், நாடு முழுக்க நிமிடம் 1 ரூபாய்: 1.67 காசு
2009, வினாடிக் கணக்கு: 1 காசு
2003 மே, செல்லில் கேட்க: 0

வருடப்படி எழுதாமல் விலைப்படி எழுதியது வேண்டுமென்றுதான். 1995-இல் டெல்லிக்காரர் செல்போனில் கொடுத்த 28 காசை விட, ஆறு வருடம் கழித்து அச்சன்புதூர் பூத்தில் நான் கொடுத்த 40 காசு அதிகம். ஒன்று உள்ளூர்ப் பேச்சு, மற்றது ஆயிரம் கிலோமீட்டர்ப் பேச்சு என்று நியாயம் சொல்லலாம். சரிதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு உள்ளூரில் பேச யாருமில்லை. நடந்தால் வந்துவிடும் ஊர் இது.

2006 மார்ச் 1-இல் 'ஒரே இந்தியா' என்று பெயர் வைத்து, நாட்டில் எங்கே பேசினாலும் நிமிடம் 1 ரூபாய் என்ற திட்டத்தை பி.எஸ்.என்.எல். நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அப்போது அமைச்சர் தயாநிதி மாறன். மற்ற நிறுவனங்களும் அந்த எண்ணை நோக்கி இறங்கின. அந்த மார்ச்சில் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி கிலோ 3 ரூபாய் 50 காசு. ஜூனில் ஆட்சி மாறி 2 ரூபாய் ஆனது. 2008 செப்டம்பர் 15 முதல் 1 ரூபாய். அந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு கிலோ அரிசியும் பம்பாய்க்கு ஒரு நிமிடப் பேச்சும் ஒரே விலை. 2011 ஜூனில் அரிசி விலையில்லாமல் ஆனது. பேச்சு அந்த நிலையைத் தொட 2016 செப்டம்பரில் ஜியோ வர வேண்டியிருந்தது. இரண்டு கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்த அம்மாவுக்கு இதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை. "அரிசிதான் முதல்ல வரணும்" என்றாள்.

1 ரூபாய் நிமிடத்தில் ஒரு கொக்கி இருந்தது. 61-வது வினாடியில் இன்னொரு ரூபாய் போய்விடும். அதனால் எங்கள் பேச்சுகளெல்லாம் 55-வது வினாடியில் முடிந்தன. தங்கை பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவாள். ஐம்பது என்றதும் அம்மா எந்தச் சேதியையும் பாதியில் விட்டுவிட்டு, "வச்சிருதேன்" என்பாள். 2009 ஜூனில் டாடா டோகோமோ வினாடிக்கு 1 காசு என்று வந்ததும் சில மாதங்களுக்குள் எல்லாரும் அந்த முறைக்கு வந்தார்கள். ஒரு முழு நிமிடப் பேச்சில் மிச்சம் 40 காசு. வீட்டில் எண்ணுவது நின்றது. அம்மா முதன்முறையாக ஒரு சேதியை முடித்துவிட்டு வைத்தாள். எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் உண்மையான சௌகரியம் வந்த இடம் இதுதான். மற்றதெல்லாம் பணம்.

ரோமிங் பற்றி ஒரு வரி. அப்பாவும் பம்பாயில் ஒரு செல் வாங்கிவிட்டார். 2007-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த உச்சவரம்புப்படி, வெளிமாநிலத்தில் இருக்கும்போது வருகிற அழைப்புக்கு நிமிடம் 1 ரூபாய் 75 காசு வரை வாங்கலாம். பம்பாய் சிம்மோடு ஊருக்கு வருகிற அப்பா, ரயில் எல்லை தாண்டியதும் போனை அணைத்து டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். பத்து நாள் லீவில் அவரை யாராலும் பிடிக்க முடியாது. அந்தப் பத்து நாளும் அவர் வரப்பில் நடந்துகொண்டிருப்பார்.

2013 ஜூலை 14-ஓடு தந்தி நின்றது. எங்கள் நோட்டில் தந்திக்கு இரண்டே வரவு, இரண்டும் சாவு. நின்றதற்கு எங்கள் வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை.

2014-இல் அப்பா ஊரோடு வந்துவிட்டார். இப்போது தம்பி ஷார்ஜாவில். அங்கே நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால். அமீரகத்தில் வாட்ஸ்அப் சேதி போகும், அழைப்பு போகாது. அதனால் வீடியோவுக்கு வேறு ஆப்புகள். அந்தப் பேச்செல்லாம் தங்கையின் போனில். டிராய் கணக்குப்படி 2014-இல் 1 ஜி.பி. டேட்டாவின் சராசரி விலை 269 ரூபாய், 2018-இல் 11 ரூபாய் 78 காசு. தம்பி தினமும் முகம் காட்டுகிறான். அப்பா அவனிடம் கேட்பது அங்கே வெயில் எவ்வளவு என்று. அவன் அப்பாவிடம் கேட்பது மேக்கரை அடவிநயினார் அணையில் 132 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்று. அந்த எண் காலையிலேயே வாட்ஸ்அப் குழுவில் அவனுக்கும் வந்திருக்கும். இருந்தாலும் கேட்பான். பணமும் போனிலேயே வருகிறது. அவன் வெளிநாட்டிலிருந்து என் கணக்குக்கு அனுப்புவதை நான் யு.பி.ஐ.யில் மாற்றிவிடுகிறேன், 1,500 ரூபாய்க்கு 75 ரூபாய் என்ற கமிஷன் வரி நோட்டில் இல்லை. பாரத்தின் அடியில் நாலு வரி எழுதுகிற இடமும் இல்லை.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு பட்டன் போன். நம்பர் பழைய நம்பர்தான், ஜன்னலில் தொங்கிய காலத்து நம்பர். இங்கிருந்துதான் நோட்டில் கணக்கு திரும்புகிறது.

2003-இல் இன்கமிங் இலவசம் ஆனாலும் வேலிடிட்டி என்று ஒன்று இருந்தது. மாதாமாதம் கார்டு போடாவிட்டால் நம்பர் செத்துவிடும். 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் நிறுவனங்கள் 'லைஃப்டைம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தன. 999 ரூபாய் ஒரே தடவை கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங். அப்பா யோசிக்காமல் கட்டச் சொன்னார். யாருடைய ஆயுசு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நிறுவனத்தின் லைசென்ஸ் இருக்கும் வரை என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த ஆயுசும் முடியவில்லை, 2018 நவம்பரில் வேறு ஒன்று வந்தது. 28 நாளுக்கு 35 ரூபாயாவது போட வேண்டும், இல்லாவிட்டால் முதலில் போகிற அழைப்பும் பிறகு வருகிற அழைப்பும் நிற்கும். எங்கள் போனுக்கும் அந்தச் சேதி ஆங்கிலத்தில் வந்தது. அப்பா அதை லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார். மூன்று நாள் தம்பியால் பேச முடியவில்லை.

999 ரூபாய்க்கு ஏறக்குறைய 155 மாதம் ஓடியிருக்கிறது. மாதம் 6 ரூபாய் 45 காசு. மண்டிக்காரன் கண்ணில் அது நல்ல வியாபாரம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த 35, 2021 நவம்பரில் 99 ஆனது, 2023 தொடக்கத்தில் 155 (அது மட்டும் 24 நாளுக்கு), 2024 ஜூலையில் 199. மற்றதெல்லாம் 28 நாளுக்கு. வருடத்துக்கு 12 மாதம், ஆனால் 28 நாள் 13 தடவை வரும், 13-ஐ 28-ஆல் பெருக்கினால் 364. பதின்மூன்றாவது மாதம் ஒன்று எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்டதற்கு, நோட்டில் கட்டம் போட்டுத்தான் விளக்க முடிந்தது. 199-ஐ 13-ஆல் பெருக்கினால் 2,587 ரூபாய். அதற்குள் டேட்டாவும் உண்டு. பட்டன் போனில் அம்மா டேட்டாவை வைத்து என்ன செய்வாள்?

போன வருடம் ஒரு மாதம், நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் அந்தப் போனுக்குப் பேசிய நிமிடங்களைக் கூட்டினேன். உறவுக்காரர்கள் பேசியதும் சேர்த்து 212 நிமிடம். அவர்கள் தாமாகக் கூப்பிட்டது மூன்றே தடவை, மூன்றும் மிஸ்டு கால். பழக்கம் போகவில்லை. 2,587-ஐ 12-ஆல் வகுத்து 212-ஆல் வகுத்தால், வந்த போனுக்கு நிமிடம் 1 ரூபாய் 2 காசு. 2006-இல் பம்பாய்க்குப் பேசக் கொடுத்த விலை, இன்று வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு. பூத் அண்ணாச்சியின் 2 ரூபாயை அம்மா மறுபடி நினைத்துக்கொண்டாள்.

2024 டிசம்பரில் டிராய் ஒரு உத்தரவு போட்டது: டேட்டா வேண்டாதவர்களுக்கு, பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் கொண்ட திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் நிறுவனங்கள் அவற்றைக் கொண்டுவந்தன. அப்போது அப்படி ஒன்றில் 365 நாளுக்கு 1,849 ரூபாய். அம்மாவின் 212 நிமிடக் கணக்கில் அது 73 காசு ஆகிறது. வருடத்துக்கு 738 ரூபாய் மிச்சம். ரீசார்ஜ் கடையில் இந்தத் திட்டத்தை அவர்களாக எடுத்துச் சொல்லவில்லை, ஆப்பிலும் நாலு தடவை தள்ளித்தான் கண்டுபிடித்தேன்.

உங்கள் வீட்டிலும் பட்டன் போன் வைத்துக்கொண்டு, வருகிற போனை மட்டும் எடுக்கிற ஒருவர் இருப்பார். அடுத்த தடவை அவருக்கு ரீசார்ஜ் போடும்போது, பேச்சு மட்டும் உள்ள வருடத் திட்டம் எது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.